மின்னுக்கு நரம்பு தந்த விடை

1977ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இளம்பெண்கள் இருபதுக்கு மேற்பட்டோர் ஒரே வகையான நோய்க்கு ஆளாயினர். அவர்கள் பூப்பெய்தும் பருவத்துப் பிள்ளைகள். பாதங்கள் தொங்கின, நடை தளர்ந்தது, கொழுந்து கிள்ளவேண்டிய கைகளில் வலுக் குன்றியது. இந்நோயை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தோருள் முதன்மையானவர், கண்டியை அடுத்த பேராதனையில் மருத்துவம் கற்பித்த நிமல் சேனநாயக்க என்னும் வைத்தியர்.

கைகால் சோர்ந்து கிடக்கும் ஒருவரைக் காணும் வைத்தியருக்கு முதலில் எழும் வினா, கேடு உற்ற இடம் எது என்பதாகும். மூளையா, முண்ணாணா, நரம்பா, நரம்பும் தசையும் கூடும் சந்தியா, அன்றித் தசை தானா? நோயாளியால் இதற்கு விடை கூற இயலாது. நரம்பையே நேராக வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவ வல்ல மொழி மின்சாரம். மணிக்கட்டின் மேல் இரண்டு மின்வாய்களை வைத்து, கணப்பொழுது மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தினால், உள்ளே ஓடும் நரம்பு விழித்துக்கொள்கிறது. கட்டைவிரற் றசை துடிக்கிறது. அத்துடிப்பு மின்னலையாகக் கருவியில் வரையப்படுகிறது. வினாவும் எளிது, விடையும் எளிதெனத் தோன்றும். ஆயின் தோலுக்கு வெளியே நிற்கும் மின்மண்டலம், உள்ளே புதைந்து கிடக்கும் மயிரினும் மெல்லிய இழையை எங்ஙனம் தூண்டுகிறது என்பதை அறியாதவர் அவ்விடையைப் பிழைபடவே படிப்பர். இதனை அறிய மனித குலத்துக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

இத்தாலி நாட்டுப் பொலோஞ்ஞா நகரில் லூயிஜி கல்வானி என்பவர், அறுத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு, 1791ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். உயிருடம்பிலேயே மின்சாரம் உண்டென்றார் அவர். உலோகங்களிலிருந்தே அது வருகிறதென்றார் வோல்ட்டா. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. வழக்கில் வென்றவர் போலக் காணப்பட்ட வோல்ட்டா 1800இல் மின்கலவடுக்கை ஆக்கினார். தோற்றவர் போலக் காணப்பட்ட கல்வானியின் கருத்தோ நரம்பியலாகத் தழைத்தது. நரம்பிற் செய்தி ஓடும் வேகத்தை அளக்க ஒருபோதும் இயலாதென ஜேர்மனியப் பேரறிஞர் ஜொகான்னஸ் முல்லர் எண்ணியிருந்தார். அவருடைய மாணாக்கராகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ஆம் ஆண்டில் தவளை நரம்பில் அதனை அளந்தே விட்டார். விநாடிக்கு ஏறத்தாழ 27 மீற்றர். மின்னலின் வேகம் இருக்குமென நம்பியோர்க்கு இது வியப்பாயிற்று. ஆசிரியர் முடியாதென்றதை மாணாக்கர் முடித்துக் காட்டுவதினும் ஆசிரியருக்கு வேறு பெருமை இல்லை.

அவர் கையாண்ட முறை இன்றும் மாறவில்லை. நரம்பைத் தசைக்கு அண்மையில் ஓரிடத்திலும், தொலைவில் ஓரிடத்திலும் தூண்டுதல் வேண்டும். இரண்டு துடிப்புகளுக்கும் இடைப்பட்ட நேர வேறுபாட்டால் இடைத்தூரத்தை வகுத்தால் வேகம் கிடைக்கும். நலமுள்ள மனிதரின் முன்கையில் அது விநாடிக்கு 50 முதல் 60 மீற்றர் வரை இருக்கும்.

தூண்டுதல் எங்கே பிறக்கிறது என்பதை 1859இல் புளூகர் என்பவர் காட்டினார். மின்னோட்டத்தை இணைக்கும் கணத்தில் எதிர் மின்வாயின் கீழேயே நரம்பு கிளர்ச்சியுறுகிறது. நேர் மின்வாயின் கீழ் அது அடங்குகிறது. இஃது ஏன்? விடை கடலடியிலிருந்து வந்தது எனலாம். தந்திச் செய்தி செல்லும் கடலடி வடத்துக்கு வில்லியம் தொம்சன் 1855இல் கணிதம் வகுத்தார். கடத்தும் உள்ளீடு, அதனைச் சூழ்ந்த காப்புறை, அதன் புறத்தே உப்பு நீர் என மூன்று கூறுடையது அவ்வடம். நரம்பிழையும் அவ்வாறே அமைந்ததென்பதை ஹெர்மான் முதலியோர் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் உணர்ந்தனர். வடத்தின் கணிதம் நரம்பின் கணிதமாயிற்று. வேற்றுமை ஒன்றுண்டு: நரம்பின் உறை ஒழுக்குள்ளது. செலுத்தும் மின் சிறிது தூரத்திலேயே கசிந்து போய்விடும். நரம்பு தானே இடையிடையே புத்துயிர் ஊட்டினாலன்றிச் செய்தி விரல் நுனியைச் சேராது.

1927ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் றஷ்ற்றன் என்பவர் எளியதொரு சோதனையால் அரியதோர் உண்மையை நிலைநாட்டினார். நரம்பின் நீளவாட்டில் ஓடும் மின்னோட்டம் அதனை எளிதில் தூண்டுகிறது. குறுக்காக, செங்கோணத்தில் ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. எனவே மின்னின் அளவு மட்டும் போதாது. அது செல்லும் திசையும் கணக்கில் வருகிறது. அதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. மிக நீண்ட நேரான நரம்பிழை ஒன்றின்மேல் எங்கும் ஒரே அளவான மின்மண்டலம் நீளவாட்டில் நிலவினால், அது எத்துணை வலியதாயினும் இழையின் நடுப்பகுதி கிளர்ச்சியுறாது!

கண்டிக்குப் புகைவண்டி 1867ஆம் ஆண்டில் வந்தது. கடுகண்ணாவை ஏற்றத்திற் பயணஞ் செய்தோர்க்கு இதனை விளக்குதல் கடினமன்று. ஒன்றோடொன்று கொளுவிய பெட்டிகள் பல, இயந்திரமின்றி ஒரு சரிவிலே தாமாக உருண்டு இறங்குவதாகக் கொள்க. சரிவு எங்கும் ஒரே அளவினதாயின் பெட்டிகள் யாவும் ஒருங்கே விரைவுறும். அவற்றிடையே நெரிவும் இல்லை, இழுவையும் இல்லை. சரிவு தணிந்து பள்ளமாகும் இடத்திலோ பின்வருவன முன்னுள்ளவற்றை நெரிக்கும். மேட்டின் உச்சியில் முன்னவை விரைய, பின்னவை தங்க, கொளுக்கிகள் இழுபடும். மின்னழுத்தத்தை மலையின் உயரம் எனவும் மின்மண்டலத்தைச் சரிவு எனவும் கொண்டால், நரம்பைத் தூண்டுவது சரிவன்று, சரிவின் மாற்றமே என்பது புலனாகும். எதிர் மின்வாய் தனக்குக் கீழே ஒரு மின்னழுத்தப் பள்ளத்தை உண்டாக்குகிறது. இழையினுள் இருக்கும் நேர்மின்னேற்றங்கள் இருபுறமிருந்தும் அப்பள்ளத்தை நாடி வந்து நெருங்குகின்றன. நெருக்கம் ஓர் எல்லையைக் கடந்தவுடன் கணத்தாக்கம் பிறந்து இருதிசையிலும் ஓடுகின்றது. நேர் மின்வாயின் கீழ் உள்ளது மேடு. அங்கே மின்னேற்றங்கள் விலகிப் போகின்றன. புளூகர் கண்டதன் காரணம் இதுவே. இழை வளையும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரே அளவான மின்மண்டலமுங்கூடத் தூண்ட வல்லது. பாதை வளைந்தால் சரிவும் மாறுமன்றோ.

அந்த எல்லையைக் கடந்தபின் நடப்பது என்ன? இதனைக் கணக்கில் அடக்கியவர்கள் ஹொட்ச்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர். ஊசிக்கணவாயின் உடலில் அரை மில்லிமீற்றர் அளவு பருத்த நரம்பிழை உண்டென 1936இல் யங் என்பவர் அறிவித்திருந்தார். அவ்விழையைக் கொண்டு, மென்சவ்வின் ஊடாகச் சோடியம் உள்ளே பாய்வதையும் பொற்றாசியம் வெளியேறுவதையும் அளந்து, அவற்றைச் சமன்பாடுகளாக்கி 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குக் குடிபெயர்ந்ததும் அவ்வாண்டிலேயே என்பது ஒரு தற்செயலான பொருத்தம். சமன்பாடுகளைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அப்போது உதவும் நிலையில் இருக்கவில்லை. ஆகவே ஹக்ஸ்லி, கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் புறன்ஸ்விகா என்னும் கணக்குப் பொறியின் முன் அமர்ந்து, வாரக்கணக்காகச் சுழற்றினார். நாலு கணக்குச் செய்து கை நோகிறதென்னும் மாணாக்கர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லலாம். கணக்கு முடிந்தபோது, கணத்தாக்கத்தின் வேகம் விநாடிக்கு 18.8 மீற்றர் என வந்தது. உண்மை இழையில் அளந்தது 21.2 மீற்றர். மென்சவ்வின் சிறு துண்டொன்றின் இயல்பிலிருந்து முழு இழையின் வேகத்தை இவ்வளவு கிட்டக் கணித்தது பெருஞ் சாதனை. 1963இல் இருவருக்கும் எக்கிள்ஸ் என்பவருடன் சேர்த்து நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரின் இயக்க நரம்பிழைகள் கணவாயின் இழையைப் போன்றவை அல்ல. அவற்றின்மேல் கொழுப்புறை போர்த்திருக்கிறது. பருத்த இழைகளில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு முறை அவ்வுறை இடைவிட்டு, கணு ஒன்று தோன்றும். மூங்கிலை நினைத்துக்கொள்ளலாம். கணத்தாக்கம் கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறதென்பதை யப்பானியராகிய தசாக்கி 1939இலும், ஹக்ஸ்லியும் ஸ்டெம்ஃப்லியும் 1949இலும் நிறுவினர். இத்தகைய கணுவுடைய இழைக்குப் புறத்தே ஒரு மின்வாய் நின்றால் எந்தக் கணு எப்போது விழிக்கும் என்பதைக் கணிப்பொறியிற் கணித்து, 1976ஆம் ஆண்டில் மக்னீல் என்னும் அமெரிக்கர் ஒரு கணித மாதிரியுருவை வெளியிட்டார். 1986இல் வியன்னாவின் ராட்டே, மேற்கூறிய சரிவின் மாற்றத்தையே தூண்டலின் அளவையாகக் கொள்ளலாமெனச் சுருங்கக் காட்டினார். செவிப்புலன் இழந்தோர்க்கும் முண்ணாண் முறிந்தோர்க்கும் மின்வாய்களைப் பொருத்துவோர் இன்று இக்கணிதத்தின் வழியிலேயே செல்கின்றனர்.

கண்டியில் வைத்தியர் எவரும் இச்சமன்பாடுகளைத் தீர்த்துவிட்டு நோயாளியின் கையைத் தொடவில்லை. பட்டறிவால் வகுத்த விதிகள் முன்பே இருந்தன. அவ்விதிகள் ஏன் சரியாயின என்பதையே மாதிரியுரு விளக்கியது. அவற்றுள் ஒன்று கருதத்தக்கது. மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் முதலிற் பருத்த இழைகளே விழிக்கும். பருத்த இழையிற் கணுக்கள் தள்ளித் தள்ளி நிற்பதால், ஒரு கணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகுதி. உடல் தானே தசையை இயக்கும்போது மெல்லிய இழைகள் முந்தும். மின்சாரம் அம்முறைமையைத் தலைகீழாக்குகிறது. ஆதலின், எல்லா இழைகளும் விடையளித்தன என்று உறுதி கொள்வதற்கு, துடிப்பு இனி வளராதென்னும் எல்லைக்கு மேலும் ஒரு படி மின்னோட்டத்தை உயர்த்துதல் வேண்டும். அந்நிலையிற் பெறும் அலையின் உயரம் உயிரோடிருக்கும் இழைகள் எத்துணை என்பதைக் குறிக்கும். அலை வந்து சேரும் வேகம் கொழுப்புறையின் நலத்தைக் குறிக்கும். உறை சிதைந்தால் வேகம் வெகுவாகக் குறையும். உறை நிற்க, உள்ளிழை மடிந்தால், எஞ்சிய இழைகள் பெரும்பாலும் தம் வேகத்திலேயே செல்லும். அலை மட்டும் குறுகும். இவ்விரண்டையும் பிரித்தறிவது நோயின் காரணத்தைத் தேடுவோர்க்கு வழிகாட்டும். உறை சிதைந்தால் தொற்றுக்குப் பின் வரும் நரம்பழற்சியை நினைக்கலாம். உள்ளிழை நுனியிலிருந்து மடிந்து வந்தால் நஞ்சைத் தேட வேண்டும்.

தோட்டத்துப் பெண்களில் கேடு இயக்க நரம்புகளையே பெரிதும், அதிலும் அவற்றின் கடைக்கோடியையே, பற்றியிருந்தது. நஞ்சு எது? தேடல் சமையலறையிற் போய் நின்றது. பெண் பூப்பெய்தியதும் அவளுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் ஊட்டுதல் தமிழர் வழக்கம் என்பதை நேயர்கள் அறிவர். இடுப்பு வலுக்க வேண்டும், உடல் தேற வேண்டும் என்னும் தாய்மாரின் அக்கறையே அவ்வழக்கத்தின் உயிர். அப்பிள்ளைகள் உண்ட நல்லெண்ணெயில் முக்கிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தது. கனிய எண்ணெய் நிரப்பிய கொள்கலங்களில் பின்னர் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாமெனக் கருதப்பட்டது. சேனநாயக்கவும் ஜே. ஜெயரத்தினமும் இதனை 1981ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே, நோயாளிகளை மூன்றாண்டு தொடர்ந்து நோக்கி, நரம்புகளை மின்னால் அளந்து கண்ட முடிவுகளைச் சேனநாயக்க தனியே வெளியிட்டார்.

இந்நஞ்சுக்குப் பழைய வரலாறு உண்டு. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் ஒன்றில் இது கலந்து ஆயிரக்கணக்கான ஏழைகளை முடமாக்கியது. 1959இல் மொறொக்கோ நாட்டில், விமான இயந்திர எண்ணெயைச் சமையலெண்ணெயுடன் கலந்து விற்றதால் ஏறக்குறைய பதினாயிரம் பேர் வாதமுற்றனர். எங்கும் ஒரே கதை. மலிந்த பொருளை வாங்குவோரே கேடுற்றனர். உண்டவுடன் நோய் தோன்றாது. வாரங்கள் கழிந்தே கால் சோரும். அதற்குள் எண்ணெய்ப் போத்தல் காலியாகி எறியப்பட்டிருக்கும். லயன் வீட்டுத் தாய் ஒருத்தி தான் ஊட்டிய நல்லெண்ணெயையும் மகளின் தொங்கிய பாதத்தையும் தொடர்புபடுத்தி எண்ணியிருப்பாள் என எதிர்பார்த்தல் முறையன்று. வழக்கத்தின் மேற் பழி போடுதலும் முறையன்று. குற்றம் எள்ளிலுமில்லை, சடங்கிலுமில்லை, கொள்கலத்தில் இருந்தது.

பேராதனையில் மருத்துவ பீடம் 1962ஆம் ஆண்டில் நாட்டின் இரண்டாவது மருத்துவப் பீடமாகத் தொடங்கப்பட்டது. கண்டிப் பெரிய வைத்தியசாலையே அதன் மாணாக்கர் பயின்ற இடம். தோட்டத் தொழிலாளரும் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரும் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களோடு வந்து சேர்ந்தது பூச்சிக்கொல்லி நஞ்சு. கரிம பொசுபரசுச் சேர்வைகள் என்னும் இவையும் முற்கூறிய நஞ்சும் ஒரே குலத்தவை. விபத்தாலோ, மனமுடைந்த வேளையிலோ இவை உடலிற் புகுந்தால், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் அசற்றைல்கோலின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியம் செயலிழக்கிறது. செய்திப்பொருள் சந்தியிலே தேங்குகிறது. வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, மூச்சுத் திணறல் ஆகியன உடனே தோன்றும். அத்திரோப்பீன் முதலிய மருந்துகளால் இந்நிலையைக் கடக்கச் செய்யலாம். கடந்தவர் பிழைத்தார் என்றே உறவினர் எண்ணுவர்.

ஆனால் சிலர், பிழைத்துவிட்டாரென எண்ணிய பின்னர் மூச்சு நின்று இறந்தனர். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை அதன் முற்குறி. புனே நகரில் வாடியாவும் அவர்தம் குழுவினரும் 1974இல் இத்தகைய பிற்பட்ட வாதத்தை ஒருவாறு விவரித்திருந்தனர். அதனைத் தனி நோய்நிலையாகப் பிரித்துப் பெயரிட்டவர்கள் சேனநாயக்கவும், மயக்க மருந்தியல் வல்லுநராகிய லக்ஷ்மன் கரல்லியத்தவும் ஆவர். 1987ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் வந்த அவர்களது கட்டுரை பத்து நோயாளிகளைப் பற்றியது. நஞ்சுண்டு 24 முதல் 96 மணி நேரத்துள் கழுத்தும், தோளும், இடுப்பும், முகமும், மூச்சுத் தசைகளும் சோர்ந்தன. நால்வருக்கு உடனே மூச்சுப்பொறி வேண்டியதாயிற்று. வாதம் 18 நாள் வரை நீடித்தது. மூவர் இறந்தனர். முதற் கட்டத்து நஞ்சேற்றத்துக்கும், வாரங்கள் கழிந்து தோட்டத்துப் பெண்களுக்கு வந்தது போன்ற நரம்புக் கேட்டுக்கும் இடையில் நிற்பதால், இதற்கு இடைநிலைக் கூட்டறிகுறி எனப் பெயரிட்டனர். பெயர் எளியது, ஆயின் இரண்டு கேடுகளையும் தம் கண்ணாற் கண்டவர்க்கே அவ்விடைநிலை புலப்படும்.

இங்கும் கேடுற்ற இடத்தைச் சொன்னது மின்சாரமே. நரம்பை ஒரு முறை தூண்டினால் தசை நன்கு துடித்தது. மெதுவாக மீட்டும் மீட்டும் தூண்டியபோதும் அலை குறையவில்லை. விரைந்து தொடர்ச்சியாகத் தூண்டியபோதோ அலை படிப்படியாகத் தேய்ந்தது. ஓய்வுக்குப் பின்னும் அது மிகுந்தெழவில்லை. இதிலிருந்து, இழை நலமே, செய்தியும் புறப்படுகிறது, அதனை ஏற்கவேண்டிய தசையின் முகமே சோர்ந்துவிட்டது என்பது உய்த்துணரப்பட்டது. இழைகள் எல்லாம் ஒவ்வொரு முறையும் விழித்தன என்னும் உறுதி இருந்தாலன்றி இம்முடிவு நில்லாது. மின்வாய் சிறிது நழுவினாலும் அலை தேயும், அது நோயன்று. முன் கூறிய எல்லைக்கு மேற்பட்ட மின்னோட்டத்தின் பயன் இங்கே விளங்குகிறது. காவலுக்கும் இம்முடிவு பயன்பட்டது. இழையே மடிந்திருந்தால் மீட்சிக்கு மாதங்கள் வேண்டும். சந்தி மட்டும் சோர்ந்திருந்தால் சில நாட்களோ சில வாரங்களோ மூச்சைத் தாங்கினாற் போதும். ஆள் எழுந்து வீடு செல்வார்.

இருபதாண்டுகளுக்குப் பின்னர், 2008ஆம் ஆண்டில், சேனநாயக்கவும் பங்கு கொண்ட ஒரு குழுவினர் 78 நோயாளிகளை நாள்தோறும் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். இரு கைகளிலும் நரம்புகளைத் தொடர்ந்து தூண்டிப் பார்த்தபோது, கழுத்துச் சோருமுன்பே அலைகளில் மாற்றம் தோன்றுவதும், நோய் முற்ற முற்ற அம்மாற்றம் குறித்த ஒரு வரிசையில் வளர்வதும் தெரியவந்தன. எவருக்கு மூச்சுப்பொறி வேண்டிவரும் என முன்கூட்டி உணர இது வழி காட்டிற்று. பொறிகள் சிலவேயான வைத்தியசாலைகளில் ஓரிரவு முன்னறிவித்தலும் பெரிதே.

1987ஆம் ஆண்டுக் கட்டுரையிற் குறிக்கப்பட்ட நஞ்சுகள் நான்கு. அவற்றுள் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகிய இரண்டும் 1995இல் இலங்கையிற் தடைசெய்யப்பட்டன. அவ்வாண்டில் இலட்சம் பேருக்கு 47 என உச்சத்தில் நின்ற தற்கொலை விகிதம், அடுத்த பத்தாண்டில் ஏறக்குறைய பாதியாகத் தாழ்ந்தது. மற்றைய இரண்டாகிய டைமெதோவேற்றும் பென்தையோனும் 2008க்கும் 2011க்கும் இடையே படிப்படியாக விலக்கப்பட்டன.